தண்ணீருக்குள் ஒரு தகர வேலி

“தகரத்துக்குள்ளால சத்தம் போகுமெண்டால், பக்கத்து வீட்டு மாமியின்ரை வாய்க்கு நான் ஏன் பிள்ளை தகர வேலி அடிச்சனான்?”

அம்மா இப்படிக் கேட்டதும் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயர்தர வகுப்பில் கணிதம்தான் படிப்பேன் என்று நின்றேன். கலைப்பிரிவு போதும் என்றார் அம்மா. கணக்கின் அருமையைக் காட்டத்தான், தகரத்துக்குள்ளாலும் சத்தம் போகும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“காத்திலை தகரம் மறிக்கும் அம்மா. கடலுக்குள்ளை மறிக்காது.”

“காட்டு பாப்பம். காட்டினால் கணக்குப் படி. இல்லாட்டிக் கலைதான்.”

மண்கும்பான் கடல் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். வேலியில் ஒரு தகரத்தைக் கழற்றிக்கொண்டு மூவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம்.

“நேவிக்காரன் கண்டால், இவளவை கப்பல் கட்டுறாளவை எண்டு நினைக்கப்போறான்,” என்றாள் தங்கச்சி. அவள் தண்ணீருக்குள் இரண்டு கற்களைத் தட்டினாள். அம்மா தலையை அமிழ்த்திக் கேட்டார். நன்றாகக் கேட்டது. பிறகு நான் இடையில் தகரத்தை நிறுத்தினேன்.

எழும்பிய அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெற்றி. “எங்கையோ எலி கொறிக்கிற மாதிரிக் கிடக்கு. நீ கலை படி.”

எனக்கு அழுகை வரப்பார்த்தது. அப்போதுதான் தகரத்திலிருந்து குமிழிகள் கிளம்புவதைக் கண்டேன். ஆணி ஓட்டைகளால் மாமி எட்டிப் பார்ப்பார் என்று அம்மா உள்பக்கம் காய்ந்த பனையோலை வைத்துக் கட்டியிருந்தார். அதையும் சேர்த்தே தூக்கி வந்திருந்தோம்! தண்ணீரில் வருகிற சத்தம் காற்றில் முட்டினால் திரும்பிவிடும். மறித்தது தகரமல்ல, ஓலை மடிப்புகளுக்குள் இருந்த காற்று.

“ஓலையைப் பிய்க்காதை, மாமி பாக்கப்போறா!” என்று கத்தினார் அம்மா.

பிய்த்தேன். ஒட்டியிருந்த குமிழிகளையும் கையால் வழித்துவிட்டேன். தங்கச்சி மறுபடி தட்டினாள். அம்மா இருமிக்கொண்டு எழும்பினார்.

“என்ரை மண்டைக்குள்ளை தட்டின மாதிரிக் கிடக்கு!”

“காத்துக்குத் தகரத்தை அசைக்க ஏலாது. தண்ணி பாரம், தகரத்தையும் சேர்த்து ஆட்டிப்போட்டுச் சத்தத்தை அங்காலை விட்டிடும்.”

“தடிச்ச இரும்பெண்டால்?”

“கொஞ்சம் போகும், மிச்சம் திரும்பி வரும்.”

அம்மா யோசித்தார். “அப்ப மாமி கடலுக்குள்ளை குடிபோனால் ஓலை வேலிதான் திறம். சரி, நாளைக்குப் போய்க் கணக்கிலை சேர்.”

நான் தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். போன திங்கட்கிழமையே கணித வகுப்பில் முன்வரிசைக் கதிரை பிடித்து இருந்துவிட்டதை, அம்மா தலை துவட்டி முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.