கொல்லிமலைப் பஸ்ஸில் எழுபது வளைவுகளும் ஒரு புகைப்படமும்

சென்ற மாதக் கட்டுரைக்குக் கீழே மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். கார் இல்லாமல் கொல்லிமலைக்குப் போய்வர முடியுமா, வயதானவர்களுக்கு அந்த வளைவுகள் ஒத்துக்கொள்ளுமா என்று. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் மகனின் காரில், பின்சீட்டில் தூங்கிக்கொண்டு. அதை வைத்துப் பதில் சொல்வது, ஆய்வகத்துக்குள் நுழையாமலே செய்முறை நோட்டு எழுதுவது போன்றது. முப்பத்திரண்டு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் அதைச் செய்யக் கூடாது. எனவே பொங்கல் கழிந்த ஒரு வேலைநாளில் நானும் என் மனைவி சரோஜாவும் பஸ்ஸிலேயே கிளம்பினோம்.

நாமக்கல்லில் பஸ் 8.10க்குப் புறப்பட்டது. சோளக்காடு வழியாகச் செம்மேடு போவது. டிக்கெட் இருவருக்கும் சேர்த்து 90 ரூபாய். சேந்தமங்கலம் 8.35. அடிவாரத்துக் காரவள்ளி 9.05. அதுவரை சுமார் 28 கிலோமீட்டர் சமதளம், ஒரு சிரமமும் இல்லை. அங்கிருந்து சோளக்காடு வரை இன்னொரு 25 கிலோமீட்டர் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் எழுபதும் இந்தப் பகுதியில்தான். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருப்பதால், நம் துன்பத்தில் எத்தனை பங்கு பாக்கி என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளலாம்.

வாளியில் தண்ணீர் ஊற்றித் தலைக்கு மேல் சுழற்றினால் ஒரு சொட்டும் சிந்தாது என்று வகுப்பில் செய்து காட்டுவேன். இந்த மலையில் வாளி பஸ், தண்ணீர் நாம். பஸ் இடப்பக்கம் திரும்பினால் எல்லோரும் வலப்பக்கத்துக்காரர் மேல் சாய்கிறோம், வலப்பக்கம் திரும்பினால் கடனைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

எங்களுக்கு முன்னால் இருந்த இருவர் சீட்டில் ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் வயது பத்தொன்பது; கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இதெல்லாம் பிறகு வழியில் அவர்களே சொல்லித் தெரிந்தது. பையனை மணி என்றும் பெண்ணைச் சுபா என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்குச் சொந்த ஊர் மலைமேல். தன் அம்மாவிடம் காட்டுவதற்காக முதன்முதலாகச் சுபாவை அழைத்துப் போகிறான். சுபா அவன் தோளில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கைகள் கோத்திருந்தன. வளைவுகளில் மற்றவர்கள் எல்லாம் இப்படியும் அப்படியும் ஆட, அவர்கள் இருவர் மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தது போல ஆடினார்கள்.

வழிக்கு அந்தப்பக்கம் மூவர் சீட்டின் ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். அடிவாரத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கலாம். காரவள்ளியிலிருந்தே அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, பத்துப் பேரு வந்து போற பஸ்ஸுங்க இது. இந்தப் புள்ள ஊட்டுல சொல்லிட்டா வந்திருக்கும்?” என்று பொதுவாகக் கேட்டார். கையோடு செல்போனைத் தூக்கி ஒரு படமும் எடுத்தார். “எங்க குரூப்புல சுத்துவட்டாரம் பூரா இருக்குதுங்க. அரை மணி நேரத்துல அப்பன் ஆருன்னு தெரிஞ்சுபோயிரும்.”

சுபாவின் கண் திறந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. “ஐயா, வேண்டாங்க. எங்கப்பா பாத்தாருன்னா காலேஜ நிறுத்திப்போடுவாருங்க” என்றாள்.

“அதுக்குத்தானே போடறது” என்று அவர் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார்.  ஆனால் மலைச்சாலையில் டவர் கிடையாது. படம் போகாமல் ஒரு சின்னக் கடிகாரக் குறி மட்டும் நின்றது. “சோளக்காட்டுல டவர் வந்துரும். தானா போயிரும்” என்றார். அப்போது வளைவு எண் 12.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். நானொரு வாத்தியார், சமாதானம் செய்து வைக்கிறேன் என்று எழுந்தேன். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேரைப் பிரித்து உட்கார வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் பழைய வைத்தியம். சுபாவைப் பின்னால் சரோஜாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன், நான் மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இப்ப சரிதானே, அந்தப் படத்தை எடுத்துடுங்க” என்று வெள்ளைச் சட்டைக்காரரிடம் கேட்டேன். அவர் செல்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மணிதான் கெஞ்சினான். “சார், அவளுக்கு மலை ஏறுனா ஒத்துக்காதுங்க சார். ஏற்காடு டூர்லயே பாத்தேன். தலைய ஆடாம வெச்சுக் கண்ண மூடுனாத்தான் தாங்கும்.”

“எலுமிச்சம்பழம் இருக்குப்பா, கொடுக்கச் சொல்றேன்” என்றேன்.

வளைவு 19இல் எலுமிச்சம்பழம் தோற்றது. பின்னால் சரோஜாவின் குரல் கேட்டது: “ஏங்க! அந்தப் பையனை இங்கே அனுப்புங்க, உடனே!” திரும்பிப் பார்த்தேன். பொங்கலுக்கு எடுத்த புதுப் புடவையின் முந்தானையைச் சரோஜா தூரமாகப் பிடித்திருந்தாள். சுபா சன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டே வாந்தி எடுத்தாள்.

கடைசி சீட்டருகே, கீழே சந்தையில் மிளகு விற்றுவிட்டுக் காலிச் சாக்குகளோடு மலைமேல் திண்ணனூர் நாட்டுக்குத் திரும்பிய பெண் ஒருவர் உரக்கச் சொன்னார்: “ஏனுங்க வாத்தியாரே, பள்ளிக்கூடத்துப் பொழப்ப இங்கயும் கொண்டாந்துட்டீங்களா? சேந்து இருந்தப்ப அந்தப் புள்ள நல்லாத்தானுங்க இருந்துச்சு.”

மணி ஏற்கெனவே எழுந்து போயிருந்தான். அவளது பையில் கேரி கவர் எந்த மடிப்பில் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் கொடுக்க வேண்டும், நெற்றியை எப்படித் தாங்க வேண்டும் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. சரோஜா முன்னால் என் பக்கத்துக்கு வந்துவிட்டாள். மூன்று வளைவுகளில் சுபாவின் தலை பழையபடி அவன் தோளில் இருந்தது.

“ஏம்ப்பா, தலைசுற்றலுக்காகத்தான் சாஞ்சிருந்தாளா?” என்று திரும்பிக் கேட்டேன்.

“பாதி அதுக்குத்தானுங்க சார்.”

“மீதி?”

அவன் சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கை ரசிக்கத் தொடங்கினான். மிளகுக்காரப் பெண் விடவில்லை. “மீதிய உங்க ஊட்டம்மாகிட்டக் கேளுங்க வாத்தியாரே!”

பஸ் முழுவதும் சிரித்தது. சரோஜா புடவையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் செல்போனை விட்டுத் தலை தூக்கவில்லை. கடிகாரக் குறி மாறுகிறதா என்று வளைவுக்கு வளைவு பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களில் பயணத்தில் தலை சுற்றுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கண் கையிலிருக்கும் திரையைப் பார்த்து “நாம் அசையாமல் இருக்கிறோம்” என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு “இல்லை, சுழல்கிறோம்” என்கிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நடுவில் மாட்டுவது வயிறு. இதைப் பல வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். நேரடி விளக்கம் கிடைத்தது வளைவு 51இல்தான்.

வெள்ளைச் சட்டைக்காரர் முகமும் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. “கண்டக்டரே, கொஞ்சம் நிறுத்துங்க” என்றார். “வளைவுல எங்கீங்க நிறுத்தறது, மேல போயித்தான்” என்றார் நடத்துனர். வாயைப் பொத்திக்கொண்டு அவர் தவித்தபோது, சுபாதான் தன் பையிலிருந்து இன்னொரு கவரை எடுத்து மணியிடம் நீட்டினாள். மணி வழியைத் தாண்டிப் போய், அவருக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கையால் கவரையும் மறுகையால் நெற்றியையும் பிடித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அவனே சொன்னான்: “ஐயா, தலைய ஆடாம வெச்சுக்கோணுங்க. சாஞ்சுக்கங்க.”

அவருக்கு வேறு வழி இல்லை. மணியின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். விழுந்துவிடுவோமோ என்று அவன் கையையும் பிடித்துக்கொண்டார்.

நடத்துனர் படிக்கட்டிலிருந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க, இதையும் ஒரு போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டுரலாமுங்களா?”

இந்த முறை சிரிப்பு அடங்க மூன்று வளைவு ஆயிற்று. கண் மூடியபடியே அவர் உதடும் கொஞ்சம் வளைந்தது. வளைவு 66 தாண்டியபோது செல்போனைச் சுபா பக்கம் நீட்டினார். “நீயே அழிச்சுரு சாமி. எனக்கு எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.”

அவள் முதலில் குரூப்பிலிருந்து எடுத்தாள். பிறகு படங்களுக்குள் போனாள். அங்கே நின்றுவிட்டாள். மணியும் எட்டிப் பார்த்தான். வாந்திக்கு முந்தைய சுபா, வெயில் விழுந்த சன்னல், அவன் தோள். நன்றாகத்தான் விழுந்திருந்தது. இரண்டு வருடப் பழக்கத்தில் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லையாம்.

“வேணும்னா நீ அனுப்பி வெச்சுக்கிட்டு அழி கண்ணு” என்றார் அவர், அரைக்கண்ணைத் திறந்து.

“வேண்டாங்க. ஊட்டுல என் போன எடுத்துப் பாப்பாங்க” என்றாள். இன்னும் ஒரு தடவை பார்த்தாள். அழித்தாள்.

10.10க்குச் சோளக்காடு. டவர் வந்ததும் பஸ் முழுக்க டிங், டிங் என்று எல்லோருடைய செல்போனும் கத்தியது. வெள்ளைச் சட்டைக்காரருடையதும் கத்தியது. தன் சீட்டுக்குத் திரும்பியிருந்த மணியின் கையைச் சுபா இறுக்குவதைப் பார்த்தேன். அவர் திரையைத் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “காலை வணக்கமுங்க. ரோசாப்பூ போட்டு ஒருத்தன் அனுப்பியிருக்கறான்” என்றார். இறங்கி நேராகப் பழக்கடைக்குப் போய் ஓர் அன்னாசியை அரிந்து வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, சன்னல் வழியாகச் சுபாவிடம் கொடுத்தார். “அத்த ஊட்டுக்கு வெறும் வயித்தோட போகக் கூடாது” என்றார். மணியின் முகம் சிவந்துபோயிற்று.

இனி நீங்கள் கேட்ட பதில். பஸ்ஸில் தாராளமாகப் போகலாம். காலையில் இட்லி இரண்டுக்கு மேல் வேண்டாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள சீட்டுகளில் ஆட்டம் குறைவு. கடைசி வரிசை ஆகவே ஆகாது. வளைவுகளில் செல்போனைப் பார்க்காதீர்கள். கேரி கவர் உங்களுக்கு இரண்டு, அடுத்தவருக்கு இரண்டு. மிளகு வாங்குவதென்றால் சோளக்காட்டுச் சந்தையில் வாங்குங்கள். நாங்கள் வாங்கிய கால் கிலோ 200 ரூபாய். செம்மேட்டிலிருந்து மாலை 3.40 பஸ்ஸில் திரும்பினோம், 6 மணிக்கு நாமக்கல். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் யாராவது போனால், யாரையும் இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டாம்.

வழக்கமாகப் பஸ்ஸுக்குள் எடுத்த படங்களையும் போடுவேன். இந்த முறை மிளகு, சாலை, மேகம் மட்டும்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தேதியையும் சொல்லவில்லை. சுபாவுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் படிப்பு பாக்கி இருக்கிறது.