யார் வார்த்தை என்று கேட்ட சனிக்கிழமைகள்

மாலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று பெண்களை இறக்கிவிட்டுப் போகும்போது, அவர்களுடைய துப்பட்டாக்களோடு ஒரு வாசனையும் இறங்கும். பதனிட்ட தோலின் வாசனையும், ஷூவின் மேல்பாகத்தை ஒட்டுகிற பசையின் நெடியும் கலந்தது அது. ஆம்பூருக்குப் புதிதாக வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் துளசித் தீர்த்தத்தின் நினைவும் சேர்ந்தே வருகிறது. சனிக்கிழமைகளில் அந்தப் பெண்களில் ஐந்தாறு பேர் முகம் கழுவிக்கொண்டு நேரே என் வீட்டுக் கூடத்துக்கு வந்து, பெருமாள் படத்தின் முன் அமர்ந்து, என்னோடு பாசுரம் சேவிப்பார்கள். தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, வாரத்தின் மற்ற நாட்கள் அந்த ஒரு மாலையை நோக்கியே நடந்தன.

எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பதிகத்தையும் தொடங்கும் முன் ஒருத்தி, "இது யார் வார்த்தை?" என்று கேட்பாள். மற்றவர்கள் விடை சொன்ன பிறகே பாட்டு. ஆழ்வார்கள் எப்போதும் தாமாகவே நின்று பேசுவதில்லை. சில பாட்டில் எம்பெருமானைப் பிரிந்த மகளாகப் பேசுவார்கள், சில பாட்டில் அந்த மகளின் நிலை கண்டு கலங்கும் தாயாகப் பேசுவார்கள், தோழியாகவும் பேசுவதுண்டு. பேசுவது யாரென்று தெரியாமல் பாடினால் பொருள் தடம் மாறிப்போகும். ஆகையால் கேள்வி. "தாய் வார்த்தை", "மகள் வார்த்தை" என்று கூடம் முழுக்க ஒரே குரலாக விடை எழும். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அவர்களில் ஒருத்தி அழுத கண்களோடு வந்தாள். எங்கள் தெருவிலேயே குடியிருந்தவள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்து, அப்போதுதான் மாதிரி ஜோடிகளைத் தைக்கும் சாம்பிள் பிரிவுக்கு மாற்றப்பட்டவள். அந்த மாற்றத்துக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்குப் போவ வேணாம்னு அப்பா சொல்லிட்டாரும்மா" என்றாள்.

காரணம் ஒரு குரல்பதிவு. இரண்டு நாட்களாக ஊரில் ஒவ்வொருவர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தன் போனை நடுவில் வைத்து அதைப் போட்டாள். ஒரு பெண் விம்மி விம்மிப் பேசினாள். "நான் ஒரு தாய் பேசறேன். கம்பெனி பஸ்ல போன என் பொண்ணு வாழ்க்கையே போச்சு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற பஸ்ல என்னென்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. உங்க பொண்ணுங்களை அனுப்பாதீங்க. இதைக் கேட்டுட்டு சும்மா இருக்காதீங்க, பத்து பேருக்கு அனுப்புங்க." பிறகு அழுகை மட்டும். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்காதவர் யார் இருப்பார்கள்?

"பெரியப்பாதான் சொந்தக்காரங்க குரூப்புல போட்டாரு" என்றாள் அவள். "உடனே எல்லாரும் ஆரம்பிச்சிட்டாங்க. பொண்ணு சம்பாரிச்சுதான் உக்காந்து சாப்டணுமான்னு ஒருத்தர். எல்லாரும் நிறுத்திட்டாங்க, நீ மட்டும் அனுப்பினா நாளைக்கு யாரு பதில் சொல்றதுன்னு இன்னொருத்தர். அப்பா பாவம், ஒரே பேஜாராப் போய்ட்டாரு."

அப்போது கோஷ்டியிலேயே வாய்த்துடுக்கானவள் ஒருத்தி, பழக்க தோஷத்தால், பாட்டுக்கு முன் கேட்கும் அதே ராகத்தில், "இது யார் வார்த்தை?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அழுதவளே கோபமாக, "தாய் வார்த்தை! காதுல விழல?" என்றாள்.

"விழுந்துச்சுடி. தாய் வார்த்தைன்னா? பாசுரத்துல தாய் பேசுது, ஆனா பாடினது தாயா?"

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்.

"பாசுரத்துல வர்ற தாய் எப்டி பேசும்? எம்பொண்ணு வளை கழண்டு விழுதுன்னு சொல்லும், கிளிகிட்டப் பேசுறான்னு சொல்லும், தூக்கமே இல்லன்னு சொல்லும். இந்தம்மா பொண்ணப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுதா? எந்த ஊரு, எந்த கம்பெனி, பொண்ணுக்கு இப்ப எப்டி இருக்கு? ஒண்ணுமே இல்ல."

"நைட் ஷிப்ட்டுன்னுது பாரு. நம்ம கம்பெனில பொண்ணுங்களுக்கு ஏதுடி நைட் ஷிப்ட்?"

"பெத்தவ, எம்பொண்ண யாராச்சும் பாத்துக்குங்கன்னு தானே அழுவா? பத்து பேருக்கு அனுப்புன்னா அழுவா?"

வாசற்படியில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அழுத கண்களோடு வந்தவளின் தோழி. அடுத்த தெருவில் உருது பேசும் வீட்டுப் பெண்; ஒரே பஸ்ஸில் ஒரே பிரிவுக்குப் போகிறவள். பாட்டு முடியும்வரை படியில் காத்திருந்து, பிறகு இருவரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போவது அவர்கள் வழக்கம்.

"எங்க வீட்ல வேற மாரி கேப்பாங்க ஆன்ட்டி" என்றாள் அவள். "நபி சொன்னதுன்னு யாராவது எதையாவது சொன்னா, யார்கிட்ட கேட்டே, அவரு யார்கிட்ட கேட்டாருன்னு வரிசையா கேப்பாரு எங்கப்பா. நடுவுல ஒரு ஆளு காணாமப் போய்ட்டா அதுக்கு மதிப்பு கம்மி. இதுக்கும் கேட்டுப் பாரு, தோஸ்த்."

உடனே பெரியப்பாவுக்குப் போன் போயிற்று. ஸ்பீக்கரில் அவர் எரிச்சலாகப் பேசினார். "யாரு அனுப்பினா இன்னாம்மா இப்போ? மச்சான் அனுப்பினாரு." மச்சானுக்கு அனுப்பியவர் பேரணாம்பட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மளிகைக் கடைக்காரருக்கு ஏதோ ஒரு குரூப்பிலிருந்து வந்ததாம். அதற்கு மேல் வழி இல்லை. அந்தத் தாயைப் பார்த்தவர், அந்த மகளை அறிந்தவர் என்று ஒருவரும் கிடைக்கவில்லை.

"பெரியப்பா, எல்லாரும் நிறுத்திட்டாங்கன்னு போட்டிருக்காங்களே, யாரு யாரு நிறுத்தினாங்க?"

"அது… பொதுவா சொல்றதும்மா" என்றார்.

"எங்க பஸ்ல ஒருத்திகூட நிக்கல பெரியப்பா. நாந்தான் மொத ஆளு."

அன்று நாங்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவே சேவித்தோம். அவள் கிளம்பும்போது, அப்பாவிடம் நான் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா. நீங்க வந்தா அவருக்கு அவமானமாப் போய்டும். நானே அவரை உக்கார வச்சுக் கேக்கறேன்" என்றாள். அவள் தகப்பனார் தோல் மண்டிகளுக்குச் சரக்கு ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுபவர். தாயில்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர்.

திங்கட்கிழமை காலை பால் வாங்கும் சாக்கில் தெருமுனையில் நின்றேன். பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் பெருமூச்சு விட்டுத் திரும்புவதற்குள், பஸ்ஸின் பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ புறப்பட்டது. ஓட்டியவர் அவள் அப்பா. நெடுஞ்சாலை வழியே கம்பெனி வாசல்வரை பஸ்ஸைத் தொடர்ந்து போனாராம். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகப் பெண்கள் கையாட்ட, அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே ஓட்டினாராம். அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. "எங்களுக்கு பின்னாடி போலீஸ் எஸ்கார்ட் ஆன்ட்டி" என்று அந்தத் தோழி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்தக் குரல்பதிவில் தாய் இல்லை. ஆனால் அதைக் கேட்டு நடுங்கிய தகப்பன் உண்மை. பொய்க்குரல் எங்கிருந்து தன் வலுவைப் பெற்றது என்பது அந்த ஆட்டோவைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை அவரும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தின் ஓரத்தில், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்தார். ஒரு தாய்ப் பாசுரம் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தாய் பேசற பாட்டு இருக்குது. அப்பன் பேசற பாட்டு ஒண்ணும் இல்லீங்களாம்மா?"

உண்டு என்றேன். மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் புலம்பும் மன்னனாகத் தம்மை வைத்து ஓர் ஆழ்வார் பாடிய பதிகம் அது. பெண்களுக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை. நான் முன்னே சொல்ல அவர்கள் பின்னே வந்தார்கள். ராகம் பல இடங்களில் பிசகியது. அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து மட்டும் அவ்வப்போது சிணுங்கியது.

பாட்டு முடிந்தது. தொடங்கும்போது கேட்க மறந்ததை அவர் மகள் அப்போது கேட்டாள்.

"இது யார் வார்த்தைப்பா?"

"அப்பன் வார்த்தை" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சற்று யோசித்து, என்னைப் பார்த்தார். "ஆனா பாடினவரு வேற ஆளு. இல்லீங்களாம்மா?"

திங்கட்கிழமை பஸ் தனியாகவே போயிற்று.