அபூ ஹாஸிமின் ஆறு மணி

“இந்தக் கடிகாரம் என் கையில இருக்கிற வரைக்கும், எந்தப் பட்டாளத்துக்காகவும் இதோட முள்ளு ஒரு மயிரிழை அசையாது!”

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் மணியடித்து ஓய்வு பெற்ற அன்று, அபூ ஹாஸிம் என்கிற மிஸ்பாஹ் மேடையேறி முழங்கியது இது. கைதட்டல் பலமாக இருந்தது. இரண்டு பேர் கண் கலங்கினார்கள். அதில் ஒருவருக்குச் சளி.

சும்மா சொல்லக்கூடாது, அவர் லேசுப்பட்ட ஆளில்லை. ஊரடங்கு நாட்களில் பின்சுவர் ஏறிக் குதித்துப் போய் மணியடித்தவர். ஒரு மாணவன்கூட இல்லாத மூன்றாம் பீரியட் குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடிந்தது. கல்கீலியா வட்டாரத்தில் இந்த ஒழுங்குக்கு ஈடு கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்தது நாற்பது கொய்யா மரம். மரங்கள் இஸ்ரேல் பட்டாளம் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். நடுவே ஒரு கேட். காலை ஆறு மணியிலிருந்து அரை மணி நேரம், மாலை நாலு மணியிலிருந்து அரை மணி நேரம் பட்டாளம் அதைத் திறந்து வைக்கும். அனுமதிச் சீட்டு இருந்தால் சொந்தத் தோட்டத்துக்கு விருந்தாளியாகப் போய்வரலாம்.

அந்த ஆண்டு நோன்பு மாதம், கொய்யா பழுக்கும் ஆகஸ்டில் வந்தது. நோன்பாளிகள் சீக்கிரம் நோன்பு திறக்கட்டும் என்று ரமல்லாவில் இருக்கும் எங்கள் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. சூரியனுக்கு நகல் அனுப்பினார்களா என்று தெரியவில்லை. இஸ்ரேல்காரர்கள் தள்ளவில்லை. ஆக, வேலிக்கு ஒரு நேரம், எங்களுக்கு ஒரு நேரம்; எங்களுக்கு ஆறு என்றால் வேலிக்கு ஏழு.

முதல் நாள் அபூ ஹாஸிம் தம் கடிகாரப்படி ஆறுக்கு இரண்டு நிமிடம் முன்பே கேட்டுக்குப் போனார். பூட்டியிருந்தது.

“மூடியாச்சு, ஹாஜி. மணி ஏழாகப் போகுது” என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய்.

“யாரோட ஏழு?”

சிப்பாய் யோசித்தான். பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை போலும். “கேட்டோட ஏழு.”

மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் காற்று, பழுத்த கொய்யா வாசனையை வேலி தாண்டிக் கொண்டுவந்தது. அதற்கு அனுமதிச் சீட்டு தேவைப்படவில்லை.

“பழமெல்லாம் கீழ கொட்டி அழுகுது” என்றாள் மனைவி இன்ஸாஃப், மகன் பெயரால் உம்மு ஹாஸிம். “எந்த ஊரு மணிக்குப் பழுக்கணும்னு அதுங்ககிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?”

“இது கொய்யா விஷயம் இல்ல, உம்மு ஹாஸிம். தேச விஷயம்.”

“சரி, தேசத்தை எந்தப் பெட்டியில அடுக்கிச் சந்தைக்கு அனுப்பட்டும்?”

பக்கத்துத் தோட்டத்து ராத்திப் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு திரிந்தான். இடது கை நோன்புக்கு, வலது கை கேட்டுக்கு.

“உன் வலது கை துரோகம் பண்ணுதுடா” என்றார் அபூ ஹாஸிம்.

“ரெண்டு கையும்தான் மாமா பழம் பறிக்குது.”

ஐந்தாம் நாள் அவர் ஒரு கொள்கை விளக்கம் வெளியிட்டார். முள்ளை நகர்த்துவதுதான் சரணாகதி. ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது உடற்பயிற்சி. அப்படியே போனார், கேட் திறந்திருந்தது. நாலு நாள் ஏக்கத்தோடு பறிக்க ஆரம்பித்தவருக்கு உலகம் மறந்துபோயிற்று.

“மாமா, கிளம்புங்க, நேரமாச்சு!” என்று கத்தினான் ராத்திப்.

அபூ ஹாஸிம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். “இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு, போடா!” முப்பத்தொரு வருடப் பழக்கம் கழித்தல் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை.

சரியாக நாலுக்குப் பெட்டிகளோடு வந்தார். கேட் பூட்டி அரை மணி ஆகியிருந்தது. ஜீப் வந்தது. அவரை ஒரு கல்லில் உட்காரவைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டபோது, பெட்டியிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்து நோன்பு திறந்தார்.

வெளியே விடும்போது அதிகாரி அவருடைய சீட்டை விரலிடுக்கில் பிடித்து ஆட்டினான். “இன்னொரு தடவை லேட்டா வந்தா இது கிடையாது. அப்புறம் தோட்டத்தை அந்தப் பக்கமே நின்னு பாத்துக்கலாம்.”

வீட்டில் இன்ஸாஃப் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

“அவங்க கடிகாரம் தப்பு” என்றார்.

மறுநாள் காலை முதல் ஆளாகத் தோட்டத்துக்குள் போனவர் அவர்தான். கடைசி மரத்தடியில் கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ராத்திப் தூரத்தில் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடிகாரத்தின் சாவிக் குமிழை நகத்தால் மெல்ல இழுத்துத் திருகினார். பெரிய முள் முன்னால் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து நின்றது.

பிறகு சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அழுகாத பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.