உப்பில்லாத மூன்று வாரம்

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. ஆனாலும் அதற்கான பத்தியம் மூன்று வாரம் முழுசாக இருந்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லராக இருந்தேன். சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. அங்கே இருக்கும்போதுதான் அந்த வலி ஆரம்பித்தது. முதலில் கழுத்து, பிறகு தோள், பிறகு இடுப்பு, முழங்கால். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், எங்கே வலிக்கவில்லை என்று நான் திருப்பிக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. காலையில் கண் விழிக்கும்போதே யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. அளவு சரியாக இருந்தால் சாமான் சரி, அவ்வளவுதான் அவருக்கு. ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

இதில் பெரிய கொடுமை, எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சோம்பேறித்தனமோ? வேலைக்குப் போகப் பிடிக்காமல் நானே நாடகம் ஆடுகிறேனோ? வலிக்கும்போதே, இது நிஜமாக வலிக்கிறதா என்று உற்று உற்றுப் பார்ப்பேன். பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கும். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஆமாம் உனக்கு வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

வலி என்று சொன்னால் லீவு கிடைக்காது. அதனால் காய்ச்சல் சொன்னேன், வயிற்றுப்போக்கு சொன்னேன், எனக்கு இல்லவே இல்லாத ஒரு சின்னம்மாவை இரண்டு முறை சாகடித்தேன். கடைசியில் ஒருநாள் சூப்பர்வைசர், "ஏனம்மா, மத்தே ஜ்வரனா?" என்றார். மறுபடியும் காய்ச்சலா என்று கன்னடத்தில், தையல் லைன் முழுக்கக் கேட்கும்படி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "காய்ச்சல் இல்ல சார், காமாலை" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. ஒரு வாரம் லீவு கிடைத்தது.

அந்த ஒரு வாரம் ஓய்வெடுத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அந்தப் பக்கம் வலித்தது. எழுந்து நடந்தேன். நடந்தால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். மடித்த புடவைகளைப் பிரித்து மறுபடி மடித்தேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, "இவ்ளோ வேலை செஞ்சிருக்க, உடம்பு பரவாயில்லையா?" என்றார். கையிலிருந்த புடவையை அவர் மேலேயே வீசலாம்போல இருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று லைனில் என் டம்ளரைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். பக்கத்து மெஷின்காரி மட்டும் என் பாட்டிலிலிருந்தே தண்ணீர் குடித்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். மறுநாளிலிருந்து அவள் ஹெப்பகோடியில் தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி சைட்டில் கீழாநெல்லி பறித்து, மோரில் அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். மெஷினைப் போடுவதற்கு முன்னால், எல்லோரும் பார்க்க, நான் குடித்தாக வேண்டும். மதியம் என் டிபன் பாக்ஸைத் திறந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வாள். "உப்பு ஆகாதுக்கா, எண்ணெ ஆகாது" என்று உப்பில்லாத கஞ்சியை என் பக்கம் தள்ளுவாள். பேச்சோடு பேச்சாக எனக்கு ஒதுக்கிய காலர்க் கட்டிலிருந்து பத்தைத் தன் பக்கம் இழுத்துத் தைத்துவிடுவாள். ராத்திரி வீட்டிலாவது உப்புப் போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். அவள் முகம் நினைவுக்கு வந்து, கை உப்பு ஜாடிக்குப் போகவில்லை. பொய் சொன்ன வாய்க்கு நல்லா வேணும் என்று மூன்று வாரமும் விழுங்கினேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் போயிற்று. அவள் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு வேலைக்குப் போய்விட்டாள். நான் வலியோடு காலர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வயதான டாக்டரம்மா ஒருவர் கழுத்து, தோள், முழங்கை, முட்டி என்று விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடமெல்லாம் கத்தினேன். இதற்குப் பைப்ரோமயால்ஜியா என்று பேர், டெஸ்டில் தெரியாது, ஆனால் வலி நிஜம் என்று கூட வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நோய் இருக்கிறது என்று கேட்டு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்பி வரும்போது, நான் கேட்காமலே வீட்டுக்காரர் என் பையை வாங்கிக்கொண்டார்.

நோய்க்குப் பேர் கிடைத்ததும் அந்தப் பழைய பொய் உறுத்த ஆரம்பித்தது. சரியாகத் தூங்கச் சொன்னார் டாக்டர், எங்கே தூங்குவது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ காராபூந்தி வாங்கிக்கொண்டு ஹெப்பகோடிக்கு பஸ் ஏறினேன். அவள் வீட்டில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன்: "எனக்குக் காமாலையே வரல. பொய் சொன்னேன். உன்னை ஏமாத்திட்டேன்."

அவள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "தெரியும்க்கா" என்றாள். "காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணும். உன் கண்ணு வெள்ளையாத்தானே இருந்துச்சு."

எனக்கு வந்ததே கோபம். "தெரிஞ்சுக்கிட்டேவா அந்தக் கசப்பைக் குடிக்க வெச்ச? மூணு வாரம் உப்பு இல்லாம!"

"பின்ன? பத்தியம் இல்லன்னா லைன்ல எல்லாரும் பொய்னு சொல்லிடமாட்டாங்களா? எந்திரிக்கறப்ப எல்லாம் மெஷினைப் புடிச்சிக்கிட்டுத்தான் எந்திரிப்ப நீ. வலிக்குதுன்னு தெரியும். என்னா வலின்னுதான் தெரியல."

மூன்று வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நான் தேடிக்கொண்டிருந்த அந்த ஒருத்தர், அன்றைக்கே என் பக்கத்து மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து, "எங்கக்கா வலிக்குது?" என்றாள்.

கழுத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு இடம் விடாமல் அவளிடம் சொன்னேன்.