ஜிம்மிக்கும் சேர்த்து ஒரு தவக்காலம்

சரக்... சரக்... சரக்...

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இதே சத்தம்தான். நாற்காலிக்கு அடியில் ஜிம்மி சொறிகிறது. ஒரு வரி எழுதுகிறேன், குனிந்து பார்க்கிறேன், மறுபடி எழுதுகிறேன். இப்போது எனக்கே முதுகு அரிக்கிறது!

போன மழைக்காலத்தில் குட்டியாக வந்து ஒட்டிக்கொண்ட நாய். மூன்று வாரமாகக் கறுப்பு முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. தோல் செதில் செதிலாக. ஷாம்பூ மாற்றினேன், வேப்பெண்ணெய் தடவினேன். ம்ஹூம்.

ஈஸ்டருக்கு மகள் கைக்குழந்தையோடு கோட்டையூர் வருகிறாள். என் மனைவி ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவீக? குருத்தோலை ஞாயிறுக்குள்ள அமராவதிபுதூர்ல எங்க அண்ணன் தோட்டத்துல விட்டுருங்க."

இன்று காலை ஆட்டோ பிடித்து காரைக்குடி கால்நடை டாக்டரிடம் ஓடினோம். ஸ்டெல்லாவும் வந்தாள் — தீர்ப்பைத் தன் காதால் கேட்க!

டாக்டர் ஜிம்மியின் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

"ஒட்டுற சொறி இல்ல சார். தோலு காஞ்சு கெடக்கு. என்ன சாப்பாடு குடுக்குறீக?"

"நாங்க சாப்புடுறதுதான். ரசஞ்சோறு, மோர்ச்சோறு..."

"கறி, மீனு?"

"தவக்காலம்ல டாக்டர்... விபூதி புதன்லருந்து ஈஸ்டர் வரைக்கும் வீட்டுல எதுவும் கிடையாது."

அவர் என்னைப் பார்த்தார். ஜிம்மியைப் பார்த்தார்.

"அதுக்கும் சேர்த்தா விரதம் இருக்கீக?"

தோலுக்கு வேண்டிய சில கொழுப்பு அமிலங்களை நாயின் உடம்பு தானாகச் செய்துகொள்ளாதாம். சாப்பாட்டில்தான் வர வேண்டுமாம். அதில் ஒன்றான ஒமேகா-3க்கு மத்தி மீனை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். மீன் எண்ணெயை நாமாக ஊற்றக் கூடாதாம். பலன் தெரிய ஆறேழு வாரம் ஆகுமாம்.

ஆறேழு வாரமா? ஈஸ்டருக்குப் பத்து நாள்தானே இருக்கிறது! பயந்துகொண்டே ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். வீடு திரும்பும் வழியில் அவள் மீன் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தினாள்.

"தவக்காலத்துல மீனா?" என்றேன்.

"வேண்டிக்கிட்டது நம்ம. அது என்ன பாவம் பண்ணுச்சு? ஒட்டாதுன்னுட்டாருல்ல, இங்கேயே கெடக்கட்டும்."

நமக்கு நல்லது என்று நாம் எடுக்கிற முடிவை வீட்டில் யார் யார் சேர்ந்து சுமக்கிறார்கள்... ஒரு தடவையாவது கேட்கிறோமா? ஜிம்மியால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. சொறிந்து காட்டியது. நான் ஷாம்பூ மாற்றினேன்!

அட... சத்தம் நின்றுவிட்டதே?

குணமாகிவிடவில்லை. மத்தி வேகிற வாசனைக்கு ஜிம்மி அடுப்படி வாசலில் போய் நிற்கிறது — பின்னாலேயே, இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிற நானும்.