முடிந்தது என்று எழுதுபவர்

"தொட்டில் முடிந்தது" என்று தன் வலைப்பூவில் எழுதி வெளியிட்டுவிட்டுத்தான் தச்சர் அன்று காலை அதன் அடிச்சட்டத்தை இழைக்க இழைப்புளியைக் கையில் எடுத்தார். எப்போதும் அப்படித்தான். செய்யப்போவதைச் செய்ததாக ஊரறிய அறிவித்துவிடுவார். பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்க மாடாய் உழைப்பார். "நாலு பேரு பாத்துட்டாங்கன்னா கை தானா ஓடும்" என்பார். வலைப்பூ தொடங்குவதற்கு முன் அவர் பட்டறையில் நாற்காலிகள் வருடக்கணக்கில் காலில்லாமல் கிடந்தன. அது வந்தபிறகுதான் எழுந்து நின்றன.

மடிக்கணினி ரம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எழுத்துகளின் இடுக்கில் மரத்தூள். ஊதி ஊதித்தான் தட்டுவார்.

"இங்க பசையே காயல. அங்க உங்க தொட்டில்ல குழந்தை தூங்கி எழுந்தே போச்சு" என்றாள் மனைவி.

"சும்மா இரேன். படிக்கறதே நாலு பேரு."

"அதுல ஒருத்தி நான்."

மதியம் ஐந்தாமவர் வந்தார். வாசலில் வேன் நின்றது. தொட்டில் கேட்டிருந்த பெரியவர் இறங்கினார்.

"முடிஞ்சுடுச்சாமே தம்பி! நெட்டுல பாத்தேன். பொண்ணும் பேத்தியும் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றாங்க. கையோட எடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். சொந்தக்காரங்க எல்லாருக்கும் உங்க பக்கத்தை அனுப்பிட்டேன். சொன்ன நாள்ல செய்யற மனுஷன்னு."

தொட்டில் என்னவோ பளபளவென்றுதான் நின்றது. அடிச்சட்டத்தில் மட்டும் பசை இன்னும் ஈரம். ராத்திரி முழுக்கக் கயிறு சுற்றி இறுக்கியபடியே இருக்கவேண்டும். பார்த்தால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் இன்றைய பொய் மட்டுமா, இதுவரை எழுதிய அத்தனை "முடிந்தது"களும் சந்தி சிரிக்கும்.

"இந்தக் கயிறு எதுக்கு? தூக்கவா?" பெரியவர் குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

தச்சர் மனைவியைப் பார்த்தார். அவள் அடிச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிறு தளர்ந்து கீழே விழுந்தது. பெரியவர் தொட்டிலை லேசாக ஆட்டிப் பார்த்தார். "அடடா! சத்தமே இல்ல. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க தம்பி."

தச்சர் பிடிக்கவில்லை. குழந்தையைக் கிடத்தும் இடத்தில் உள்ளங்கையை ஊன்றி, தன் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினார். அடிச்சட்டம் கழன்று தொங்கியது. அதை இழுத்து எடுத்து, பசை ஈரம் தெரியும் பக்கத்தைத் திருப்பிப் பெரியவரிடம் நீட்டினார்.