குதிரை முடிக்கு ஷாம்பு

பிலிமத்தலாவையில், கைபேசி திருத்தும் கடைக்கு மேல்மாடியில் தர்ஷிகாவின் பார்லர். பன்வில தோட்டத்திலிருந்து வந்து கடை போட்டு ஏழு வருடம். மணப்பெண்ணுக்குக் கொண்டை, பொம்மைக்குச் சடை, பாடசாலை நாடகத்து இராவணனுக்கு மீசை, எது வந்தாலும் செய்துகொடுப்பாள். முடி என்று வந்துவிட்டால் முடியாது என்ற சொல் அவள் வாயில் வராது. அந்த வீம்பைச் சோதிக்க ஒருநாள் குதிரை வந்தது. அதாவது, வால் மட்டும்.

கொண்டுவந்தவன் சஞ்சீவ். அவனுடைய அத்தை நல்லம்மா இவளுடைய நெடுநாள் வாடிக்கையாளர்.

"அக்கா, எண்ணெய எடுக்கணும்."

"உங்க தலையில எண்ணெயே இல்லையே தம்பி."

"தலையில இல்லக்கா, இதுல." வயலின் பெட்டியைத் திறந்து வில்லை நீட்டினான். "குதிரை வால் முடி. ரோசின்னு ஒரு பிசின் கட்டி, அத முடியில தேய்ச்சா அந்தப் பொடிதான் கம்பியப் புடிக்கும். அத்தை அதப் பாத்துட்டு, முடி வறண்டு பொடுகு புடிச்சிருக்குன்னு தேங்காய் எண்ணெய் வச்சுட்டாங்க."

தர்ஷிகா சிரிக்க வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். பட்டம் வாங்கி மூன்று வருடமாக வேலை தேடுகிறவன். அன்று இரண்டு மணிக்குக் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் தேர்வு. எண்ணெய் ஏறிய வில் கம்பியில் சத்தமில்லாமல் வழுக்கியது. வேறு வில்லும் கிடையாது. முடி கையோடு வந்துவிட்டால் அவனுடைய மூன்று வருடமும் போச்சு.

மரத்தில் தண்ணீர் படக்கூடாதென்று அவன் வில்லின் அடியிலிருந்த திருகைக் கழற்றி முடியைத் தொங்கவிட்டு, குச்சியை உயர்த்திப் பிடித்தான். அவள் மூன்று தடவை ஷாம்பு போட்டு அலசி, குளிர்காற்றில் உலர்த்தி, பேன் சீப்பை எடுத்தாள்.

"குதிரைக்குப் பேன் இல்லக்கா."

"பொடுகு இருந்துச்சுன்னு அத்தை சொன்னாங்களே. எதுக்கும் பாத்துருவோம்."

ஒரு முடிகூட உதிரவில்லை.

"இனி ரோசினத் தேய்ங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரோசின் கட்டியே இல்லக்கா. வெள்ளிக்கிழமை அத்தை சாம்பிராணின்னு நெனச்சு தணல்ல போட்டுட்டாங்க."

தர்ஷிகா கீழே இறங்கிப்போய்க் கைபேசிக் கடை நஸீப் நானாவிடம் கேட்டாள். "நானா, ஈயம் பத்தவைக்கிறப்ப தொடுவீங்களே, அந்த மஞ்சள் கட்டி வேணும்."

"என்னத்துக்கு தங்கச்சி?"

"குதிரை வாலுக்கு."

நஸீப் கட்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

அதுவும் ரோசின்தான், கொஞ்சம் கரடுமுரடு என்றான் சஞ்சீவ். வழவழவென்றிருந்த கட்டியின் மேற்பரப்பை அவள் நகம் தேய்க்கும் அரத்தால் சுரண்டிக் கொடுத்தாள். அவன் திருகை மீண்டும் மாட்டி, அரைமணி நேரம் தேய்த்தான். முதல் இழுப்பில் வயலின் கதவுக் கீல் மாதிரி அழுதது. இன்னும் தேய்த்தான். பிறகு, ஒரு நீண்ட ஷட்ஜ ஸ்வரம் பார்லரை நிறைத்தது. வயலினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, என்னைய வேலைக்கு எடுத்துட்டாங்க."

அவள் வாடிக்கையாளர் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தேர்வு நடத்துன டீச்சர், வில்லு ஏன் ஸ்ட்ரோபெரி வாசம் அடிக்குதுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"உண்மையத்தான். சனிக்கிழமை அவங்க நாலு வில்லோட வாராங்களாம்."

தர்ஷிகா பதிவுப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு மணப்பெண்களுக்கு நடுவில், 'குதிரை, நாலு' என்று எழுதினாள்.